மேடையில் எத்தனை நாற்காலி?

அன்புள்ள அக்கா,

எனக்கு வயது 27. நாகர்கோவில் பக்கம் ஊர், திருவனந்தபுரத்தில் வேலை. வெள்ளி ராத்திரி ரயிலில் வந்து திங்கள் காலை திரும்புவேன். வருகிற தையில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு மார்த்தாண்டம். ஏழு மாதமாகச் செல்போனில் படம் படமாகச் சேர்த்து, மேடைக்குப் பீச் நிறமும் வெளிர்பச்சையும் என்று முடிவு செய்திருக்கிறேன். என் தோழிகள் ஐந்து பேருக்குப் பீச், மாப்பிள்ளையின் தங்கைமார் இரண்டு பேருக்கு வெளிர்பச்சை, பன்னீர் தெளிக்கும் குழந்தைகள் நாலு பேருக்குச் சந்தன நிறம், சித்திக்கு மாம்பழ மஞ்சள், மாமிக்கும் மயினிக்கும் ஒரே கரையில் பட்டு.

மாப்பிள்ளை வீட்டில் சிவப்பும் தங்கமுமாக மேடை போடச் சொல்கிறார்கள். நல்ல காரியத்தில் வெளிறிய நிறம் கூடாதாம். மேடைக்காரர் 32 அடி அகலம் வேண்டும் என்கிறார், செலவு ஏறுகிறது. அப்பா தவறி எட்டு வருஷம் ஆகிறது. சித்தப்பாவும் சித்தியும் தாரை வார்த்துக் கொடுப்பார்கள். அம்மா மேடைக்கு வரமாட்டாங்க, அதனால் ஆறு நாற்காலிக்கு 24 அடி போதும் என்று நினைக்கிறேன். சரிதானா? வெளிநாட்டுப் பூ வைக்கலாமா? ப்ளவுசில் ஆரி வேலை எந்த நிறத்தில் செய்யலாம்? இலைச் சாப்பாடா, பஃபேயா? ஊர்ப்பேச்சுக்குப் பயந்து என் கனவை நான் விட்டுக்கொடுக்க வேண்டுமா?

தை மாத மணப்பெண், நாகர்கோவில்
(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

மக்ளே,

மேடையின் அகலத்துக்கு நீ கணக்குச் சொன்ன அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. "அம்மா மேடைக்கு வரமாட்டாங்க, அதனால் ஆறு நாற்காலி போதும்." எட்டு அடி குறைத்து எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்று பார்க்கிற அவசரத்தில் எழுதிய வரி. மற்றதையெல்லாம் பிறகு பேசலாம். முதலில் இதைப் பேசுவோம்.

"வரமாட்டாங்க" என்று யார் சொன்னது? எனக்கு விருப்பமில்லை என்று அம்மா சொன்னாரா? வரக்கூடாது என்று சித்தி சொன்னாரா? மாப்பிள்ளை வீட்டில் யாராவது சொன்னார்களா? இல்லை, எல்லா வீட்டிலும் அப்படித்தானே என்று நீயே முடிவு கட்டிவிட்டாயா? கடைசியாகச் சொன்னதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் உனக்குக் கோபம் வந்திருக்கும், அந்தக் கோபத்தையும் எழுதியிருப்பாய். மேடை நிறத்தை மாற்றச் சொன்னதற்கு ஒன்றரைப் பக்கம் கோபப்பட்டிருக்கிறாய். அம்மாவுக்கு ஒரு வரி, அதுவும் செலவுக் கணக்கில்.

நீ நிறம் பிரித்துக் கொடுத்தவர்களை எண்ணிப் பார்த்தேன். பதினாலு பேர். பன்னீர்ச்செம்பு பிடிக்கிற குழந்தைக்குக்கூடச் சந்தன நிறம் யோசித்து வைத்திருக்கிறாய். உன் அம்மா அன்றைக்கு என்ன நிறம் கட்டுவார்? கடிதம் முழுக்கத் தேடினேன், இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் வெளிறிய நிறம் கூடாது என்றார்களே, அந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று யோசித்தாயா? வெளுத்த சேலை புருஷன் இல்லாதவர்களுக்கு உரியது, அது நல்ல காரியத்தில் கண்ணில் படக்கூடாது என்கிற பழைய பயத்திலிருந்து வருகிறது. அம்மாவை மேடைக்குக் கீழே நிறுத்துவதும் அதே பயம்தான். அது உன் பீச் நிறத்தைத் தொட்டதும் நீ சண்டைக்குப் போகிறாய், ஊர்ப்பேச்சு என்கிறாய், கனவு என்கிறாய். உன்னைப் பெற்றவளைத் தொட்டபோது நாற்காலியைக் குறைத்துக்கொண்டாய். எனக்கு இது பெரிய தப்பாகத் தெரிகிறது. வயதில் மூத்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

இந்தப் பத்திக்கு இதே விஷயம் பல தடவை வந்திருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் இதையே கேள்வியாகக் கேட்டு எழுதியவர்கள் குறைவு. முடிந்து சில வருஷம் கழித்துத்தான் எழுதுகிறார்கள். ஒரு பெண் எழுதியிருந்தாள்: தன் கல்யாண வீடியோவை மகளுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறாள். குழந்தை கேட்டதாம், "ஆச்சி கல்யாணத்துக்கு வரலியா?" வந்திருந்தார். மேலே பறந்து எடுத்த கேமராவில் சில விநாடி தெரிகிறார், சமையல் நடக்கிற ஆக்குப்புரைக்கு வெளியே வாழையிலைக் கட்டுகளை எண்ணிக்கொண்டு. அந்த ஆச்சி அப்போது உயிரோடு இல்லை. அந்தக் கடிதத்துக்கு நான் என்ன பதில் எழுத முடியும்? உனக்கு எழுத முடிகிறது, ஏனென்றால் உன் கல்யாணம் இன்னும் நடக்கவில்லை.

அப்பா போகும்போது உனக்கு வயது 19. கல்லூரி முடித்தாய், வேலைக்குப் போனாய், மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தீர்கள். இதெல்லாம் எப்படி நடந்தது என்று கடிதத்தில் ஒரு சொல் இல்லை. சித்தப்பா நல்லவராக இருக்கலாம், உதவியும் செய்திருக்கலாம். அவர் தாரை வார்ப்பதில் எனக்கு மறுப்பில்லை, மரியாதை செய்ய வேண்டியவருக்குச் செய். ஆனால் ஒரு பெண்ணைக் கைபிடித்துக் கொடுக்கிற முதல் உரிமை, இராப்பகலாக அவளைக் காத்தவருக்கு. அந்த உரிமை புருஷனோடு சேர்ந்து எரிந்துபோகும் என்பதை நான் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. ஜோடியாக இரண்டு பேர் நின்றால்தான் கல்யாணம் செல்லும் என்று சட்டமும் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 1967-இல் கொண்டுவந்த திருத்தப்படி, உறவினர் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ போதும். உங்கள் வீட்டுச் சடங்கு உங்கள் வீட்டார் விருப்பம். அதில் யார் நிற்கலாம் என்பதும் அப்படித்தான்.

நாம் எந்த ஊர்க்காரர்கள் என்பதை மறந்துவிடாதே. இன்னார் மார்பில் துணி போடக்கூடாது என்று இருந்த மண் இது. இங்கே பெண்கள் அடிபட்டு, உடுத்த சீலை கிழிபட்டு, 1859-இல் அந்த உரிமையை வாங்கினார்கள். அதற்கும் முன்னால், தலைப்பாகை கட்டக்கூடாதென்று ஒதுக்கப்பட்டவர்களைத் தலைப்பாகை கட்டியே சாமி கும்பிடச் சொன்னார் சாமிதோப்பில் வைகுண்டர். சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் எல்லாரும் நடக்க வேண்டும் என்று 1926-இல் சத்தியாகிரகம் நடந்தது. அன்றைக்கு நம் ஊரும் சேர்ந்திருந்த திருவிதாங்கூர்க் கோயில்களின் கதவு 1936 நவம்பர் 12-ஆம் தேதிப் பிரகடனத்தால்தான் எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்தது. இன்னார் இங்கே வரலாம், இன்னார் வரக்கூடாது என்ற பேச்சோடு நம் பாட்டாமாரும் ஆச்சிமாரும் இவ்வளவு தூரம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். நாலு படி ஏறுகிற ஒரு கல்யாண மேடையில் அதை நீ திரும்பக் கொண்டுவந்து வைக்கலாமா?

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உடனே அம்மாவிடம் ஓடிப்போய் "மேடைக்கு வர்றீங்களா?" என்று கேட்காதே. "வேண்டாம் மக்ளே, நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க" என்பார். எட்டு வருஷமாக ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் ஆரத்தித் தட்டு வரும்போது ஒதுங்கி நின்று பழகியவர். ஒரு கேள்வியில் அந்தப் பழக்கம் போகாது. முகூர்த்த நேரத்தில் மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஆச்சரியப்படுத்தலாம் என்றும் நினைத்துவிடாதே. மண்டபம் நிறைய ஆள் பார்க்க அவரைக் கூசவைப்பது அன்பாகாது.

முதலில் மாப்பிள்ளையிடம் பேசு. நீயும் அவரும் மட்டும் இருக்கும்போது, "என் அம்மா மேடையில் என் பக்கத்தில் இருப்பார்" என்று சொல். கேள்வியாகக் கேட்காதே, முடிவாகச் சொல். அவர் என்ன பதில் சொல்கிறார் என்று கவனி. "அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்றால் கேட்டு வரட்டும், பரவாயில்லை. "இதையெல்லாம் இப்போ எதுக்கு" என்றால், கல்யாணத்துக்கு முன்பே அவரிடம் பேசித் தீர்க்க வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது என்று வைத்துக்கொள். மேடை நிறத்தைவிட முக்கியமான சங்கதி அது.

அப்புறம் சித்தப்பா, சித்தி. சித்திதான் தடை சொல்வார் என்று நீ பயப்படலாம். நான் பார்த்தவரை, பெண்ணே நேரில் வந்து கையைப் பிடித்துக் கேட்டால் மனம் இளகாத சித்திமார் குறைவு. தாரை வார்க்கும்போது சித்தப்பா கைக்குக் கீழே அம்மாவின் கையும் இருக்கட்டும் என்று கேள். சடங்கு செய்து வைக்கிறவரிடமும் இப்போதே சொல்லிவிடு. அன்றைக்குக் காலையில் சொன்னால் அவர் தயங்குவார், அந்தத் தயக்கத்தைச் சபை முழுக்கப் பார்க்கும், உன் அம்மா பின்வாங்கிவிடுவார்.

இவ்வளவும் முடித்துவிட்டு அம்மாவிடம் போ. எல்லாரும் சம்மதித்துவிட்டார்கள் என்று தெரிந்தபிறகும் அவருக்குத் தயக்கம் இருந்தால் வற்புறுத்தாதே. மேடையைக் கீழே இறக்கு. விளையாட்டாகச் சொல்லவில்லை. மண்டபத்தின் நடுவில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குப் பலகை போட்டு மணவறை வை. நாலு பக்கமும் பாய் விரித்தோ நாற்காலி போட்டோ சொந்தக்காரர்கள் உட்காரட்டும். அம்மா எந்தப் படியும் ஏற வேண்டாம், உன் தோளுக்குப் பக்கத்தில் இருப்பார். பின்னால் சுவர் மாதிரி 32 அடிக்கு எழுப்புகிற துணியும் சட்டமும் தேவைப்படாது. நாலு தூண், மேலே ஒரு பந்தல், அதில் பூ. படத்துக்கும் அழகாக இருக்கும், தலைகளுக்குப் பின்னால் வெறும் துணி தெரிவதற்குப் பதிலாக உறவுக்காரர்களின் முகம் தெரியும்.

சரி, மற்ற கேள்விகள்.

வெளிநாட்டுப் பூ வேண்டாம். குளிர்ந்த நாட்டுப் பூ நம் ஊர் மண்டபத்துச் சூட்டில் முகூர்த்தம் முடிவதற்குள் தலை தொங்கும். தோவாளைச் சந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீ எங்கேயோ தேடுகிறாய். பிச்சி, சம்பங்கி, தாமரை, அரளி, கொழுந்து, எல்லாம் விடியுமுன் அங்கே வந்து குவிகிறது. தை மாதம் பனியில் மல்லிகையும் பிச்சியும் வரத்து குறையும், முகூர்த்த நாளில் விலை தாறுமாறாக ஏறும். அதனால் இப்போதே பேசி வை. தோவாளை மாணிக்கமாலையைப் பார்த்திருக்கிறாயா? சிவப்பு அரளி, வெள்ளை அரளி, பச்சைக்கு நொச்சியிலை. பூவை மடித்து வைத்துத் தட்டையாகக் கட்டுவார்கள், கல் பதித்த நகை மாதிரி இருக்கும். 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாலை மாற்ற அதில் இரண்டு வாங்கினால் மாப்பிள்ளை வீட்டார் கேட்ட சிவப்பும் வந்துவிடும், உன் பச்சையும் இருக்கும். நிறத்துக்காக அவர்களோடு வேறு சண்டை வேண்டாம். உன் சண்டையை அம்மாவின் நாற்காலிக்குச் சேர்த்து வை.

ப்ளவுசுக்கு: வடசேரிக் கோயில் நகை போடப்போகிறாய் என்றால் அதில் சிவப்புக் கல் நிறைய இருக்கும். துணியிலும் நிறைய வேலை செய்தால் கழுத்துப் பக்கம் நெரிசலாகிவிடும். கையில் மட்டும் பழைய தங்க நிறச் சரிகையில் ஆரி வேலை போதும்.

சாப்பாட்டில் கேள்வியே வேண்டாம், இலை போடு. அவியலும் எரிசேரியும் புளிசேரியும் அடைப்பிரதமனும் தட்டைப் பிடித்து நின்றுகொண்டு தின்கிற சாப்பாடு இல்லை. பிரதமனில் பப்படமும் மட்டிப்பழமும் பிசைய இலை வேண்டும்.

பீச் நிறக் கனவை விட்டுக்கொடுக்க வேண்டுமா என்ற கேள்வி பாக்கி. இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பட்டுக்கடைக்குக் கூட்டிப்போ. உனக்கு எடுக்க வேண்டாம், அவருக்கு மட்டும். சாம்பலும் தவிட்டு நிறமும் இருக்கிற அடுக்குப் பக்கம்தான் அவர் கை முதலில் போகும். பொறுமையாக இரு. மற்ற அடுக்குகளையும் எடுத்துப் போடச் சொல், ஒவ்வொன்றாக அவர் தோளில் வைத்துக் கண்ணாடியில் காட்டு. கல்யாணமாகி வந்த புதிதில் எந்த நிறம் பிடிக்கும் என்று கேள். பச்சையோ, மயில்கழுத்தோ, அரக்கோ, அவர் கொஞ்சம் அதிக நேரம் தடவிப் பார்க்கிற சேலையை எடுத்துக்கொள். அந்தச் சேலையின் முந்தானையைச் செல்போனில் படம் எடுத்து மேடைக்காரருக்கு அனுப்பு. இதற்குப் பக்கத்தில் எடுப்பாக நிற்கிற நிறத்தில் பந்தல் துணி வேண்டும் என்று சொல். நாற்காலி ஏழு.