சிறிய அறைக்குள் கார்ப் பந்தய சிமியுலேட்டர்

கேள்வி: பத்துக்கு எட்டடி அறையில் கட்டிலும் படிப்பு மேசையும் போக மிஞ்சும் இடத்தில் கார்ப் பந்தய சிமியுலேட்டர் ஒன்றை அமைக்க எதை வாங்கலாம்?
– வாசகர், உவர்மலை, திருகோணமலை

பதில்: ஸ்டியரிங்கை விடக் கதிரையைப் பற்றியே நீங்கள் முதலில் யோசிக்க வேண்டும். சக்கரம் பூட்டிய கதிரையில் இருந்து பிரேக்கை அழுத்தி மிதித்தால் கதிரை பின்னே உருண்டுவிடும். பெடலும் முன்னே வழுக்கும். ஆகவே பெடலைச் சுவரோடு அணைத்து வைத்து, சக்கரமில்லாத கதிரையில் இருங்கள். இருக்கையோடு கூடிய சட்டம்தான் வேண்டுமென்றால், மடித்துச் சுவரோரம் சாத்தக்கூடிய பிளேசீட் சலஞ்ச் போன்றது பொருந்தும். அலுமினியச் சட்டத்தாலான நிலையான மேடை உங்கள் அறைக்கு வேண்டவே வேண்டாம்.

லாஜிடெக் ஜி29 ஸ்டியரிங் மேசை விளிம்பில் இறுக்கிப் பூட்டக்கூடியது, 900 பாகை சுழல்வது. எனினும் பற்சக்கரத்தால் இயங்குவதால் இரவில் அதன் சத்தம் பக்கத்து அறைக்கும் கேட்கும். 5.5 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசையுள்ள மோசா ஆர்5 ஸ்டியரிங், பற்சக்கரமின்றி நேரடி மோட்டாரில் ஓடுவதால் அமைதியானது, ஆனால் ஆடும் மேசையை அது உலுக்கிவிடும் என்பதால், பலமான மேசை இருந்தால் மட்டுமே அதை வாங்குங்கள். ஜி29 பிளேஸ்டேஷனுக்கும் கணினிக்கும் உரியது. எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் ஜி920 வாங்க வேண்டும்.

மூன்று திரைகள் தேவையில்லை. 27 அங்குலத் திரை ஒன்றை ஸ்டியரிங்குக்குச் சற்றுப் பின்னால், கண் மட்டத்தில் வையுங்கள். கடற்காற்றின் உப்பு இரும்புத் திருகாணிகளைத் துருப்பிடிக்கச் செய்யும் என்பதால், யன்னலை விட்டு விலக்கி வைத்து, ஓடி முடித்ததும் துணியால் மூடிவிடுங்கள்.