ஐந்தாவது சுற்றில் 138 டிகிரி

நண்பரே, இருங்காட்டுக்கோட்டை கார் பந்தயத் தடத்தில் ஐந்தாவது சுற்றிலேயே உங்கள் டர்போ காரின் எஞ்சின் ஆயில் 138 டிகிரி செல்சியஸைத் தொட்டது, கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) சூட்டைக் காட்டும் முள்ளோ நடுவிலேயே நின்றது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த முள்ளை நம்பாதீர்கள். பல கார்களில் ஓரளவு சூடு ஏறினாலும் அது அசையாதபடியே அமைத்திருக்கிறார்கள்.

ஆயில் 130-ஐத் தாண்டினால் வேகத்தைத் தளர்த்திவிடுங்கள். சூட்டில் ஆயில் நீர்த்துப்போனால், எஞ்சினுக்குள் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கைக் காக்கும் ஆயில் படலம் மெலிந்துவிடும். உயர்ந்த கியரில், குறைந்த ஆர்பிஎம்மில் ஒரு சுற்று வாருங்கள், சூடு இறங்கும். பிட்டுக்கு (தடத்தின் ஓரம் கார்களை நிறுத்தும் இடம்) வந்ததும் சட்டென்று எஞ்சினை அணைக்கவே அணைக்காதீர்கள். கடுஞ்சூட்டில் இருக்கும் டர்போவுக்குள் தேங்கிய ஆயில் கருகிவிடும்.

ஆயிலைக் காற்றால் குளிர்விக்கும் ஆயில் கூலர் பொருத்துவதானால், ஆயில் சூடேறிய பிறகே அதைக் கூலருக்குள் விடும் தெர்மோஸ்டாட் உள்ளதையே வாங்குங்கள். இல்லாவிட்டால் அன்றாட ஓட்டத்தில் ஆயில் சூடேறவே நெடுநேரமாகும். அதைவிட முக்கியம், கூலரின் ஊடே புகுந்த காற்று வெளியேற வழி வேண்டும். நான் முதலில் பம்பருக்குள் அடைத்துப் பொருத்தினேன். 3 டிகிரிகூடக் குறையவில்லை. பின்னாலிருந்த பிளாஸ்டிக் தடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டித் திறந்த பிறகுதான் 120-க்குள் நின்றது.

உங்கள் 5டபிள்யூ-30 ஆயிலுக்குப் பதிலாக சூட்டில் அதைவிடக் கெட்டியாக நிற்கும் 5டபிள்யூ-40 ஊற்றலாம், காரின் கையேடு அனுமதித்தால் மட்டும். 138 வரை சூடேறிய இந்த ஆயிலை மட்டும் அடுத்த ஓட்டத்துக்கு முன் மாற்றிவிடுங்கள்.