கிழிந்த பை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வெள்ளையணு கிருமியை விழுங்கிச் செரித்துவிடும் என்றுதான் பள்ளியில் படித்தோம். அம்மாவுக்குக் காசநோய் வந்து ஆறு மாத மாத்திரை இப்போதுதான் முடிந்தது. கிருமி அந்த அணுவுக்குள்ளேயே ஒரு பையில் பத்திரமாக இருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் பையை விட்டு அது வெளியே வந்துவிடும் என்று வேறோர் இடத்தில் படித்தேன். பத்திரமான இடத்தை விட்டு ஏன் வரவேண்டும்? அப்புறம், தம்பிக்கும் காசநோய்க் கிருமி தொற்றியிருக்கிறதா என்று கையில் ஊசி போட்டுப் பார்த்ததில் தடித்துவிட்டது. சின்ன வயதில் போட்ட பிசிஜி தடுப்பூசியால்கூட இருக்கலாம் என்கிறார்கள். எதை நம்புவது?

க., திருவாரூர்

அன்புள்ள க.,

ஆறு மாதமும் விடாமல் அம்மாவை மாத்திரை சாப்பிட வைத்தது பெரிய காரியம், முதலில் அதற்கு என் வணக்கம்.

நீங்கள் படித்த இரண்டுமே சரிதான். நுரையீரலில் இருக்கும் மேக்ரோபேஜ் என்கிற விழுங்கணு கிருமியைச் சுற்றி ஒரு சவ்வுப் பையைக் கட்டுகிறது. அமிலமும் செரிப்புப் பொருள்களும் நிறைந்த லைசோசோம் வந்து அந்தப் பையோடு சேர்ந்தால் கிருமியின் கதை முடிந்தது. காசநோய்க் கிருமி அந்தச் சேர்க்கையையே தடுத்துவிடுகிறது, இதை லண்டனில் 1971-லேயே பார்த்துவிட்டார்கள். அதனால் ரொம்ப காலம் எல்லோரும் பையோடு கதையை முடித்துக்கொண்டார்கள்.

2007-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் சவ்வின் புரதங்களில் தங்கத் துகள்களை ஒட்டவைத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பைக்குள் இருக்கும் கிருமியைச் சுற்றி அந்தத் துகள்கள் கறுப்புப் புள்ளிகளாக வேலி மாதிரி நிற்கும். இரண்டு நாள் போனபிறகு பார்த்தால் சில கிருமிகளைச் சுற்றி வேலியே இல்லை, பையைத் தாண்டி அணுவின் உள்திரவத்தில், அதாவது சைட்டோசாலில், வெறுமனே கிடந்தன. தொழுநோய்க் கிருமியும் அப்படித்தான் வெளியே வந்தது. பிசிஜி தடுப்பூசியில் இருக்கும் பலவீனமான கிருமி மட்டும் பைக்குள்ளேயே இருந்தது.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் ஒரு பழைய இழப்பு. பிரான்சின் லில் நகரத்தில் கால்மெட், கெரான் என்ற ஆய்வாளர்கள் பிசிஜி-யை உருவாக்க, 1908 முதல் 1921 வரை, மாட்டுக் காசநோய்க் கிருமியை மாட்டுப் பித்தநீரில் ஊறிய உருளைக்கிழங்கில் 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்தார்கள். அதற்குள் அது சில மரபணுக்களை இழந்துவிட்டது. அவற்றில் ஒரு துண்டில்தான் இஎஸ்எக்ஸ்-1 என்கிற, புரதங்களை வெளியே தள்ளும் சுரப்பு அமைப்பின் முக்கியப் பகுதி இருந்தது. பையைக் கிழிக்க அது வேண்டும், கிருமியின் மேலுறையில் உள்ள பிடிம் என்ற கொழுப்பும் வேண்டும்.

இங்கே நான் ஒன்றைத் திருத்தியாக வேண்டும். இந்த அமைப்பு வெளியே தள்ளும் ஈசாட்-6 என்ற புரதம் தனியாகவே சவ்வில் ஓட்டை போடும் என்று முன்பு எழுதியிருந்தேன், பல பாடங்களிலும் அப்படித்தான் இருந்தது. 2017-ல் காசநோய் ஆய்வாளர் லலிதா ராமகிருஷ்ணனின் குழு, அந்தச் சோதனைகளில் ஓட்டை போட்டது புரதத்தைச் சுத்தம் செய்யும்போது ஒட்டிக்கொண்ட சோப்பு போன்ற ரசாயனம்தான் என்று காட்டியது. கிருமி நேரடியாகச் சவ்வைத் தொட்டால்தான் கிழிசல் உண்டாகிறது. எவ்வளவு பொறுமையான ஆய்வு அந்தக் குழுவினுடையது!

சரி, ஏன் வெளியே வரவேண்டும்? வெளியே வருவது கிருமிக்கும் ஆபத்துதான். அதன் டிஎன்ஏ உள்திரவத்தில் பட்டதும் அணுவுக்குள் எச்சரிக்கை மணி அடிக்கிறது, யுபிக்விட்டின் என்ற அடையாளச் சீட்டை ஒட்டி இன்னொரு பைக்குள் பிடித்துப்போடவும் அணு முயல்கிறது. ஆனால் அந்த மணியால் சுரக்கும் ஒருவகை இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதம் காசநோயில் பல நேரம் கிருமிக்கே சாதகமாகிவிடுகிறது. கடைசியில் அணு வெடித்துச் செத்தால், கிருமிகள் சிதறி அடுத்த அணுக்களுக்குப் போகின்றன. பை ஒளிய நல்ல இடம், ஆனால் பரவுவதற்கு அது உடைந்தாக வேண்டும்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஈசாட்-6 பிசிஜி-யில் கிடையாது இல்லையா? அதையும் அதன் கூட்டாளியான சிஎஃப்பி-10 புரதத்தையும் வைத்துச் செய்யும் ரத்தச் சோதனையும், சை-டிபி என்கிற தோல் சோதனையும், பிசிஜி தழும்பைப் பார்த்து ஏமாறாது. மருத்துவரிடம் அதைக் கேளுங்கள். ரத்தச் சோதனையில் பாசிட்டிவ் வந்தாலோ தோல் சோதனையில் தடித்தாலோ கிருமி உள்ளே போயிருக்கிறது என்றுதான் அர்த்தம். நோய் வந்திருக்கிறதா என்பதை எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும்தான் சொல்லும், அதனால் இருமல் இல்லையே என்று விட்டுவிடாமல் தம்பியை இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள்.