வீட்டை மனைவி பெயருக்கு எழுதிவிட்டு ஐ.பி. கொடுக்கலாமா?

கேள்வி: கரூர் பக்கம் ஆறு மிஷின் போட்டுத் தையல் யூனிட் நடத்திவந்தேன். ஆர்டர் நின்று ஒன்றரை ஆண்டாகிறது. வீட்டுக் கடன் பாக்கி 9 லட்சம், வங்கியில் தனிநபர் கடன் 6 லட்சம் (மச்சான் ஜாமீன் போட்டிருக்கிறார்), கிரெடிட் கார்டு 3 லட்சம், துணிக் கடைப் பாக்கி 7 லட்சம், நான்கு பேரிடம் புரோநோட்டில் வாங்கியது 8 லட்சம். துணிக் கடைக்காரருக்குக் கொடுத்த காசோலை திரும்பிவிட்டது. சென்ற வாரம் வக்கீல் நோட்டீஸ் வந்தது. வீடு 22 லட்சம் பெறும். “வீட்டை மனைவி பெயருக்குச் செட்டில்மென்ட் எழுதிவிட்டு மஞ்சள் கடுதாசி கொடுத்துவிடு, ஒருவரும் கிட்டே வர முடியாது” என்கிறார் நண்பர். ஐ.பி.யை, அதாவது கடனைக் கட்ட முடியவில்லை என்று நீதிமன்றத்தில் போடும் நொடிப்பு மனுவைத்தான் அப்படிச் சொல்கிறார். முப்பதாயிரம் கொடுத்தால் முடித்துத் தருவதாக ஒரு வக்கீலும் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: எழுதாதீர்கள். பத்திர அலுவலகத்தில் டோக்கன் போட்டிருந்தால் இன்றே ரத்துசெய்துவிடுங்கள். உங்கள் நண்பர் சொன்ன யோசனையோடு வருகிறவர்களை மாதத்துக்கு இரண்டு பேராவது பார்க்கிறேன். எழுதுவதற்கு முன் வருகிறவர்களுக்கு ஏதாவது செய்ய முடிகிறது. எழுதிவிட்டு வருகிறவர்களிடம் நான் பேசுவது குறைவு, பெருமூச்சு விடுவதுதான் அதிகம்.

கரூருக்குப் பொருந்துவது 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். சென்னை நகருக்கு மட்டும் 1909-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு. அங்கே உயர் நீதிமன்றம், உங்கள் பக்கம் பெரும்பாலும் சார்பு நீதிமன்றம். 2016-இல் வந்த திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. ஆனால் கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டுமே, 2019 டிசம்பர் முதல், அது நடைமுறைக்கு வந்திருக்கிறது. உங்களைப் போன்றவர்களுக்கு இன்னும் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான். 500 ரூபாய்க் கடன் இருந்தால் மனுப் போடலாம் என்று அதில் இருக்கும் ஒரு வரியே அதன் வயதைச் சொல்லிவிடும்.

அந்தப் பழைய சட்டம் உங்கள் நண்பரைவிடக் கெட்டிக்காரத்தனமானது. சும்மா எழுதிக்கொடுத்த சொத்து, எழுதிய தேதியிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் நொடிப்பு மனு வந்தால், 53-ஆம் பிரிவின்படி செல்லாததாக்கப்படும். வீடு, நொடித்தவரின் சொத்தைக் கவனிக்க நீதிமன்றம் நியமிக்கும் ரிசீவர் கைக்குத் திரும்பிவிடும்; நீங்கள் மறைக்கப் பார்த்தீர்கள் என்ற பெயர் மட்டும் உங்களோடு தங்கிவிடும். மோசடியாகச் சொத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கும் அதே சட்டத்தில் இடமிருக்கிறது. அதோடு, அடமானத்தில் இருக்கும் வீட்டை யார் பெயருக்கு எழுதினாலும் வங்கிக் கடன் வீட்டோடுதான் போகும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். வீட்டை விற்று வங்கிக்கு 9 லட்சம் போக 13 லட்சம் மிஞ்சும். மற்றக் கடன்கள் 24 லட்சம். ரூபாய்க்கு 54 காசு தேறுகிறது. நொடித்தவருக்குக் கடனிலிருந்து முழு விடுதலை தருவதற்கு முன் நீதிமன்றம் பார்ப்பவற்றில் ஒன்று, சொத்து ரூபாய்க்கு எட்டணாவாவது (50 காசு) தேறுகிறதா என்பது. தேறாவிட்டால், அது என் கை மீறிய காரணத்தால் வந்தது என்று நீங்கள் மெய்ப்பிக்க வேண்டும். ஆர்டர் நின்றது உங்கள் கை மீறிய காரணம். வீட்டை எழுதிக்கொடுத்தது அப்படியா?

ஐ.பி. கொடுத்தால் கடன் போய்விடும் என்பது ஊரில் நிலவும் நம்பிக்கை. கொடுப்பது வெறும் மனு. நொடித்தவர் என்று நீதிமன்றம் அறிவித்த பிறகுதான் கடன்காரர்கள் அனுமதியின்றிப் புதிதாக வழக்குப் போட முடியாது. கைதிலிருந்து பாதுகாப்பும் கேட்கலாம். அதன் பிறகு, நீதிமன்றம் குறித்த காலத்துக்குள் விடுதலை கேட்டுத் தனியாக மனுப் போட வேண்டும். போடாவிட்டால் அறிவிப்பே ரத்தாகி, பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள். முப்பதாயிரத்துக்கு முடித்துத் தருகிறேன் என்பவரிடம், இந்த மூன்றில் எதுவரை அந்தத் தொகை என்று கேளுங்கள். பெரும்பாலும் கடன்காரர்களுக்கு நோட்டீஸ் போகும் வரைதான்.

விடுதலை கிடைத்தாலும் மச்சானுக்குக் கிடைக்காது. ஜாமீன் போட்டவரை உங்கள் நொடிப்பு காப்பாற்றாது. வங்கி அவரைத் தேடிப் போகும். அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கியும் நிற்கும்.

எப்படிப்பட்ட வக்கீலைப் பார்ப்பது என்பதற்கு என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். நான் தொழில் தொடங்கியது கடன் கொடுத்தவர்கள் பக்கம். ஜூனியராக இருந்தபோது ஒரு நிதி நிறுவனத்துக்காக அமீனாவோடு ஜப்திக்குப் போனேன். ஒற்றை அறை வீடு. டி.வி., கிரைண்டர் என்று பட்டியல் எழுதிக்கொண்டே வந்தோம். மூலையில் ஒரு மிதி தையல் மிஷின், ஊசியில் பாதி தைத்த பள்ளிச் சீருடை. “இதையும் எழுதுங்கள்” என்றேன், சுறுசுறுப்பாக. அமீனா பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “தம்பி, அறுபதாம் பிரிவைப் படித்ததில்லையா? கைத்தொழில் கருவி, சமையல் பாத்திரம், படுக்கை, தாலி, இவற்றைத் தொடக் கூடாது” என்றார். சட்டக் கல்லூரியில் படித்ததுதான். அந்த அறையில் அது நினைவுக்கு வரவில்லை. சில ஆண்டுகளில் பக்கம் மாறினேன். வருமானம் குறைந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் ஆறு மிஷினுக்கும் அந்த விலக்கு கிடைக்காது. நீங்கள் உட்கார்ந்து தைக்கும் ஒன்றுக்காகத் தாராளமாக வாதாடலாம்.

முதல் நாள் நான் சட்டம் பேசுவதில்லை. காகிதங்களை மேசையில் கொட்டச் சொல்லிவிட்டு, பிணையுள்ள கடன், வங்கியின் பிணையற்ற கடன், புரோநோட்டு, காசோலை என்று பிரித்து அடுக்குவேன். இரண்டாம் நாள் மனைவியையும் அழைத்து வரச் சொல்வேன். மொத்தத் தொகை அன்றைக்குத்தான் வீட்டுக்குத் தெரியவரும், அழுகையும் இருக்கும். ஆனால் கணவனும் மனைவியும் ஒரே கணக்கைப் பார்த்த பிறகுதான் வீட்டை விற்பதா வேண்டாமா என்று பேச முடியும். பட்டியலில் ஒரு கடன்காரர் பெயரையும் விடக் கூடாது. சொந்தக்காரருக்கு மட்டும் ரகசியமாக முன்னால் கொடுத்துவிடவும் கூடாது. மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் ஒருவரை மட்டும் சாதகமாகக் கவனித்திருந்தால் அந்தக் கொடுப்பையும் நீதிமன்றம் ரத்துசெய்யும்.

புரோநோட்டுகளின் தேதியைப் பாருங்கள். மூன்று ஆண்டு தாண்டி, பின்பக்கத்தில் உங்கள் கையெழுத்தோடு வரவு எதுவும் இல்லையென்றால் அதை வைத்து வழக்குப் போட முடியாது. யாராவது இப்போது “ஒரு நூறு ரூபாய் வரவு போட்டுக் கையெழுத்துப் போடுங்கள்” என்று வந்தால், வக்கீலைக் கேட்காமல் பேனாவைத் தொடாதீர்கள். காலம் கடந்த கடனைக் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் மனச்சாட்சியைப் பொறுத்தது, கோர்ட் கட்டாயப்படுத்தாது. ஐந்து வட்டி, பத்து வட்டி வாங்குகிறவர் அந்த நால்வரில் இருந்தால், 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டத்தின்படி புகார் கொடுக்க வழியிருக்கிறது. வங்கி வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ கடனுக்காக அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அழைப்புகளின் நேரத்தைக் குறித்து வையுங்கள்.

உங்கள் எண்களைப் பார்த்தால் ஐ.பி. முதல் வழி அல்ல. வங்கி ஒப்புதலோடு வீட்டை நீங்களே விற்றால் ஏலத்தைவிட நல்ல விலை வரும். கையில் 13 லட்சம் இருப்பவரோடு வங்கியும் கார்டு நிறுவனமும் ஒரே தவணைத் தீர்வு பேசும்; மக்கள் நீதிமன்றத்தில் முடித்தால் பிறகு மேல்முறையீடு கிடையாது. கடன் வரலாற்றில் ‘செட்டில்டு’ என்ற கறை விழும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஜாமீன் இருப்பதால் தனிநபர் கடனை முதலில் பேசுங்கள். இவ்வளவும் பேசி நடக்காவிட்டால் ஐ.பி. இருக்கவே இருக்கிறது. வீடு உங்கள் பெயரில் இருக்கும்வரை நேர்மையாகவே கேட்கலாம்.

இதற்கெல்லாம் முன்னால் காசோலை. ஐ.பி. கொடுத்தாலும் 138-ஆம் பிரிவு வழக்கு நிற்காது; அது குற்ற வழக்கு, இரண்டு ஆண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்து பணம் கொடுக்க 15 நாள்தான் அவகாசம். அதில் ஒரு வாரம் போய்விட்டது. தபால் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கையெழுத்துப் போட்டு வாங்கிய தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். நாளைக் காலை அந்த உறையோடு ஒரு வக்கீலைப் பார்த்துப் பதில் நோட்டீஸ் அனுப்பச் சொல்லுங்கள். துணிக் கடைக்காரரையும் நேரில் போய்ப் பாருங்கள், கணக்கு நோட்டோடு.