ஆக்சிஜன் விட்டது தம்பி. இழப்பீடு தர வேண்டியது முதலாளி

கேள்வி: என் தம்பிக்கு வயது 30. 6 பேர் வேலை பார்க்கும் ஏ.சி. சர்வீஸ் கடையில் மெக்கானிக். மாதச் சம்பளம் 18,000 ரூபாய். 2025 ஜூனில் மேட்டுப்பாளையம் அருகே ஒரு கோல்டு ஸ்டோரேஜில் கம்ப்ரசர் லைனை (கேஸ் ஓடும் குழாயை) வெல்டிங் வைக்கும் முன் நைட்ரஜன் விட வேண்டியிருந்தது. சிலிண்டர் காலி. “இருக்கிறதை வைத்து முடி” என்று முதலாளி போனில் சொன்னதால் ஆக்சிஜனை விட்டிருக்கிறான். லைன் வெடித்து வலது கையில் 3 விரல்கள் போய்விட்டன. “தப்பு உன்னுடையது, 50,000 வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடு” என்கிறார் முதலாளி. போடலாமா?

பதில்: போட வேண்டாம். அவர் நீட்டும் தொகை, தம்பிக்குச் சேர வேண்டியதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

கம்ப்ரசர் ஆயில் இருக்கும் லைனில் அழுத்தத்தோடு ஆக்சிஜன் பட்டால் வெடிக்கும். அதனால்தான் லைனில் உள்ள குளிரூட்டும் கேஸை முறையாக எடுத்துவிட்டு, மறுமுனையைத் திறந்து வைத்து, ரெகுலேட்டர் வழியாகக் குறைந்த அழுத்தத்தில் உலர்ந்த நைட்ரஜனை விடுகிறார்கள். அந்த நைட்ரஜனை வாங்கித் தருவது முதலாளியின் கடமை. அதைத் தராமல் வேலையை முடிக்கச் சொன்னவர், இப்போது பழியைத் தம்பி மேல் போடுவது அநியாயம்.

இந்த விபத்துக்கு, அது நடந்தபோது நடைமுறையில் இருந்த 1923-ம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பொருந்தும். வேலையின்போது, வேலையால் நேர்ந்த விபத்து என்பதே போதும். கவனக்குறைவு என்று சொல்லி முதலாளி தப்ப முடியாது. தம்பி குடித்திருந்தாலோ, பாதுகாப்புக்காகத் தெளிவாகச் சொன்ன உத்தரவை வேண்டுமென்றே மீறியிருந்தாலோ, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றியிருந்தாலோதான் அவருக்கு வாதம் உண்டு. இங்கே உத்தரவே அவருடையதுதானே!

கணக்கைப் பாருங்கள். சம்பளம் 18,000 என்றாலும் சட்டம் 15,000 வரைதான் எடுத்துக்கொள்ளும். அதில் 60 சதவீதம் 9,000. சட்டத்தின் அட்டவணையில் 30 வயதுக்கான காரணி (பெருக்க வேண்டிய எண்) 207.98. பெருக்கினால் 18,71,820. மூன்று விரல் இழப்புக்கு அதில் 30 சதவீதம்: 5,61,546 ரூபாய். அப்புறம் மருத்துவச் செலவு தனி. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. காரணமில்லாமல் இழுத்தடித்தால் 50 சதவீதம் வரை அபராதமும் உண்டு.

‘இனி எதுவும் கேட்க மாட்டேன்’ என்று எழுதித் தந்தாலும் 17-ம் பிரிவின்படி அது செல்லாது. ஆனாலும் கையெழுத்து வழக்கை இழுக்கும். அதனால்தான் வேண்டாம் என்கிறேன். கடையில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்தால் மட்டும் வழி வேறு. சம்பளச் சீட்டைப் பாருங்கள்.

தம்பி வசிக்கும் பகுதிக்கான தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடமே மனு போடலாம். கெடு 2 ஆண்டுகள், அதாவது 2027 ஜூன் வரை. அதுவரை காத்திருக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியும் ஊனச் சான்றிதழும் கேட்டு வாங்குங்கள். முதலாளி பேசிய அழைப்பின் பதிவு, வாட்ஸ்அப் செய்திகள், சம்பளம் வந்த வங்கிக் கணக்கு விவரம் எதையும் அழிக்க வேண்டாம். கிடங்கில் அந்த இரண்டு சிலிண்டர்களும் இன்னும் இருந்தால் உடனே போட்டோ எடுங்கள்: சாம்பல் உடலும் கறுப்புக் கழுத்தும் நைட்ரஜன், முழுக் கறுப்பாக இருப்பது தொழிற்சாலை ஆக்சிஜன். கேஸ் ஏஜென்சிக்காரர் எடுத்துப் போய்விட்டால் அவருடைய டெலிவரி பில்லின் நகலைக் கேளுங்கள்.