செவ்வாயில் அழுத்தமானியைச் சரிபார்ப்பது எப்படி?

கேள்வி: கொடைக்கானலில் என் செல்பேசியின் அழுத்த உணரி 790 ஹெக்டாபாஸ்கலை ஒட்டிக் காட்டுகிறது, வானிலைச் செய்தியில் 1,010 என்கிறார்கள். இங்கேயே இப்படியென்றால், செவ்வாய்க்கு அனுப்பும் உணரியை எப்படி நம்புவது?
– கல்லூரி மாணவி, கொடைக்கானல்

பதில்: இரண்டு அளவும் சரியே. செய்தியில் வருவது கடல்மட்டத்துக்கு மாற்றிக் கணக்கிட்ட அழுத்தம். செல்பேசி காட்டுவது, 2,100 மீட்டருக்கு மேல் இருக்கும் உங்கள் ஊரின் உண்மையான அழுத்தம். செவ்வாயின் தரையில் சராசரி அழுத்தமே சுமார் 6 ஹெக்டாபாஸ்கல்தான். கொடைக்கானலில் 65 மீட்டர் மேடேறினால் குறைகிற அளவு அது. இங்கே யாரும் பொருட்படுத்தாத ஒரு ஹெக்டாபாஸ்கல் பிழை, அங்கே ஆறில் ஒரு பங்கை விழுங்கிவிடும்.

செவ்வாயில் 2012-இல் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியிலும் 2021-இல் இறங்கிய பெர்சவரன்ஸ் ஊர்தியிலும் ஃபின்லாந்து வானிலை நிறுவனம் வழங்கிய உணரிகள் உள்ளன. மெல்லிய சிலிக்கான் சவ்வு அழுத்தத்தால் வளையும்போது மின்முனைகளின் இடைவெளி மாறி, மின்தேக்குத்திறனும் மாறுகிறது. தொல்லை என்னவென்றால், வெப்பநிலை மாறினாலும் அது மாறும். செவ்வாயிலோ ஒரே நாளில் வெப்பநிலை 60 டிகிரிக்கு மேலும் ஏறி இறங்கும். ஆகவே உணரியை வெற்றிட அறையில் வைத்து, பல வெப்பநிலைகளில், ஒவ்வொன்றிலும் பல அழுத்தங்களைக் கொடுத்து, நம்பகமான அளவுக்கருவியோடு ஒப்பிட்டுத் திருத்தங்களைப் பதிவு செய்கிறார்கள். இந்த வேலையில் பெரும்பாடு வெப்பநிலையோடுதான் என்பேன்.

விண்பயணத்தின்போது சுற்றிலும் வெற்றிடம் என்பதால், சுழி காட்ட வேண்டிய உணரி அப்போது காட்டும் அளவையே பிழையாகக் கொள்ளலாம். தரையிறங்கிய பின் அந்த வசதியும் இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட உணரிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எது விலகுகிறது என்று பார்ப்பதே வழி. எல்லாம் ஒரே பக்கமாக விலகினால் அதுவும் கைகொடுக்காது. துருவங்களில் கரியமில வாயு பனியாக உறைந்து, மீண்டும் வாயுவாக மாறுவதால் ஓராண்டுக்குள் அழுத்தம் கால் பங்குக்கு மேல் மாறுவதை, 1976-இல் இறங்கிய வைக்கிங் கலங்களே காட்டிவிட்டன; அதற்குச் சுமாரான கருவி போதும். அந்தத் துருவப் பனி பல ஆண்டுகளில் தேய்கிறதா என்று கேட்கும்போதுதான் சில பாஸ்கல் (ஒரு ஹெக்டாபாஸ்கலில் நூறில் சில பங்கு) விலகலும் விடையைக் குலைத்துவிடுகிறது.

கேள்வி: வெற்றிட அறைக்குப் பதில் மலையுச்சியில் சோதிக்கலாமா?
– அதே வாசகி

பதில்: முடியாது. எவரெஸ்ட் உச்சியிலேயே 300 ஹெக்டாபாஸ்கலுக்கு மேல் இருக்கும். செவ்வாயின் அழுத்தம் வேண்டுமானால் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் உயரம் போக வேண்டும்.