ரிப்போர்ட் எல்லாம் நார்மல், வலி மட்டும் போகவில்லை: குடும்ப மருத்துவரிடம் சில கேள்விகள்

கிளினிக் திறந்து எட்டு மாதம் ஆகிறது டாக்டர். பை நிறைய ரிப்போர்ட்டோடு வருகிறார்கள். எல்லாம் நார்மல். "ஒண்ணுமில்லை" என்றால் கோபப்படுகிறார்கள்.

அந்த "ஒண்ணுமில்லை"யை முதலில் விடுங்கள் தம்பி. வலியோடு வந்தவர் காதில் அது "பொய் சொல்றே" என்றுதான் விழும். நானும் பல வருடம் அப்படிச் சொன்னவன்தான்.

பூ கட்டி விற்கும் ஒரு அம்மா வருவார். நெஞ்சு எரிச்சல், கை கால் குடைச்சல், கிறுகிறுப்பு. மூன்று இடத்தில் ஈசிஜி, இரண்டு எண்டோஸ்கோப்பி. நான்காவது தடவை வந்தபோது பேனாவை மூடி வைத்துவிட்டு, "நேத்து காலையில எழுந்ததுலேர்ந்து என்னென்ன செஞ்சீங்க, சொல்லுங்க" என்றேன். பேசப் பேச விரல்கள் முந்தானை நுனியில் முடிச்சுப் போட்டபடியே இருந்தன. வீட்டுக்காரர் குடி, மகள் கல்யாணக் கடன், ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, எல்லாம் வந்துவிட்டது.

"உங்க வலி நிஜம்மா. உறுப்பு எதுவும் கெடலை. வாசல் நாய் திருடனைப் பார்த்துக் குரைக்கணும். உங்க நாய் இலை விழுந்தாலும் குரைக்குது, நரம்பு அப்படி ஆயிடுச்சு" என்றேன். சிரித்தார். அதற்குப் பிறகு ஸ்கேன் கேட்கவில்லை. வலி அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். கடை போடுகிற நாட்கள் கூடின.

மாமியாருக்கு இரண்டு வருடமாக உடம்பு வலி. பேரன் வந்தால் மட்டும் வலி தெரிவதில்லை. நடிக்கிறாரோ?

இல்லைம்மா. கவனம் வேறு பக்கம் போனால் எந்த வலியும் கொஞ்சம் அடங்கும். "வலி எப்படி இருக்கு" என்று பத்து தடவை கேட்பதை விட்டு, "இன்னிக்கு என்ன சமைச்சீங்க" என்று கேட்டுப் பாருங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறேன். "மனசுதான்" என்று முடிவு கட்டி, நிஜ நோயைத் தவறவிட்டால்?

இந்தப் பயம் இருக்கட்டும், நல்லதுதான். காரணமில்லாமல் எடை குறைவது, மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல், ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வந்த தலைவலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் தேடியே ஆக வேண்டும். படபடப்பு என்றால் தைராய்டும் ஹீமோகுளோபினும் பாருங்கள். சர்க்கரை உள்ள பெண்களுக்கு மாரடைப்பு வெறும் அசதியாக, மூச்சு வாங்கலாக வரலாம். எப்போதும் பயப்படுகிறவருக்கும் மாரடைப்பு வரும், அதனால் ஒவ்வொரு தடவையும் தொட்டுப் பார்த்தே அனுப்புங்கள்.

இன்னொன்று. இப்படி உடம்பு அறிகுறிகளே பெரும் கவலையாகிப் போவதை "உடல் அறிகுறிக் கோளாறு" என்கிறோம். "காரணம் தெரியாத வலி" என்பதுதான் முன்பெல்லாம் இதற்கு அடையாளம். 2013-இல் வந்த டிஎஸ்எம்-5, அதாவது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் கண்டறியும் கையேடு, அதை எடுத்துவிட்டது. அறிகுறியைப் பற்றிய கவலையும் அதற்காகச் செலவாகும் நேரமும் அளவு மீறிப் போகிறதா, பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கிறதா என்பதே இப்போது கேள்வி. ஆக, நிஜ நோய் உள்ளவருக்கும் இது சேர்ந்து வரலாம்.

"ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்று பிடிவாதம் பிடித்தால்?

ஒரு தடவை ஏற்றினால் மாதாமாதம் ஏற்ற வேண்டும். வேண்டாம்.

வலிக்கு அமிட்ரிப்டிலின் எழுதினார்கள். மெடிக்கல் கடையில் "மனநோய் மாத்திரை" என்றார்கள்.

மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவு வேறு ஐயா, அது பல மடங்கு அதிகம். ராத்திரி 10 மில்லிகிராம் என்பது நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும். வாய் உலரும், காலையில் கொஞ்சம் மந்தமாக இருக்கும். இதயக் கோளாறோ சிறுநீர் கழிப்பதில் சிரமமோ இருந்தால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அடிக்கடி வருபவரை மனநல மருத்துவரிடம் அனுப்பிவிடலாமா?

அனுப்பலாம், தள்ளிவிடக் கூடாது. "அவரும் பார்ப்பார், நானும் பார்ப்பேன்" என்று சொல்லி அடுத்த தேதியை அப்போதே சீட்டில் எழுதிக் கொடுங்கள். வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வரட்டும். வலி வந்தால்தான் டாக்டரைப் பார்க்க முடியும் என்ற நிலை இருந்தால் வலி வந்துகொண்டேதான் இருக்கும். அப்புறம், "வாழவே பிடிக்கலைன்னு தோணுதா" என்று நேராகக் கேளுங்கள். ஆம் என்றால் தனியாக அனுப்பாதீர்கள். அரசின் இலவச மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416-ஐயும் அதே சீட்டின் பின்னால் எழுதிவிடுங்கள்.